கீழாநெல்லிக்கு ஒரு கை

உத்தமனின் கண் மஞ்சளாகிவிட்டதை முதலில் கண்டுபிடித்தவர் ஆட்டோ ஓட்டும் தியோடர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையை வாங்கிப்போக இஸ்திரி வண்டிக்கு வந்தவர் சட்டையைப் பார்த்தார், உத்தமனைப் பார்த்தார், மறுபடியும் சட்டையைப் பார்த்தார்.

"சட்டை வெள்ளையாத்தான் கீது. நீதான்ணே மஞ்சளா கீற."

கரிப்புகை என்றார் உத்தமன். தியோடர் நம்பியதாகக் காட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் உத்தமனுக்குத் தெரியும். சில நாட்களாகவே சோற்றைக் கண்டால் குமட்டியது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினால் அது பக்கத்து வண்டிக்காரனின் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிய மாதிரி கனத்தது. காலையில் போகும் சிறுநீர் டீத்தூள் போட்ட மாதிரி இருந்தது. இதெல்லாம் என்னவென்று பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் உத்தமனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அந்தத் தெருவுக்கே காமாலை மருந்து கொடுக்கிற வீடு அவருடையது.

மருந்து அவருடைய சொத்தல்ல. குடியாத்தம் பக்கத்திலிருந்து வாழ வந்த மனைவி சொர்ணத்தின் சீதனம். மற்ற பெண்கள் பித்தளை அண்டா கொண்டுவந்த காலத்தில் சொர்ணம் ஒரு பனியன் துணியில் கீழாநெல்லி விதை முடிந்துகொண்டு வந்தாள். மாடி வீட்டு வாசலில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, காலிப் பெயிண்ட் பக்கெட்டுகளில் மண்ணை நிரப்பித் தூவினாள். அன்றிலிருந்து அது தானாகவே உதிர்ந்து தானாகவே முளைத்துக்கொண்டிருக்கிறது. புளிய இலையின் பேத்தி மாதிரிச் சின்ன இலை. காம்புக்கு அடியில் வரிசையாகக் கடுகளவு நெல்லிக்காய்கள். தெரியாதவர் பார்த்தால் களை. தெரிந்தவர் பார்த்தாலும் களைதான், காமாலை வருகிறவரைக்கும்.

மருந்துக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. கண் வெளுக்கிறவரைக்கும் தினமும் பொழுது விடிவதற்குள் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் வெறும் வயிற்றோடு கொடுக்கிறவர் வாசலுக்கு வர வேண்டும். கொடுக்கிறவரும் பச்சைத்தண்ணீர்கூட வாயில் படாமல் இருக்க வேண்டும். நகம் படாமல் வேரோடு பிடுங்கிக் கழுவி, நெல்லிக்காய் அளவு அரைத்து, மோரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். காசு கூடாது. நன்றி கூடாது. முக்கியமாக, குடித்துவிட்டுப் போகிறவர் 'வரேன்' என்று சொல்லக்கூடாது. சொன்னால் நோயும் கூடவே வரும். திரும்பிப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போய்விட வேண்டும். பெங்களூரில் எந்த விதியையும் மதிக்காத ஜனங்கள் இந்த ஒரு விதியை மட்டும் மீறியதே இல்லை. மருந்து வாங்கியவர் யாரும் நன்றி சொன்னதில்லை. நோய் தீர்ந்தபின் யாரும் திரும்பி வந்ததுமில்லை.

"திரும்பி வந்தாத்தான் தப்பு. வரலன்னா நம்ம கை வேலை செஞ்சுதுன்னு அர்த்தம்" என்பாள் சொர்ணம்.

சொர்ணம் இருந்தவரைக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவள் போய் இரண்டு வருஷமாகிறது. தூக்கத்திலேயே போனாள், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், தன் மருந்தின் சட்டப்படி. அதற்குப் பிறகு உத்தமன்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் ஒருவர் படியேறி வருவார், வாய் பேசாமல் குடிப்பார், முதுகைக் காட்டிக்கொண்டு போவார். இஸ்திரிக்குத் துணி கொடுத்தவன் சாயங்காலம் கட்டாயம் திரும்பி வருவான். அவன் சட்டை இவரிடம் இருக்கிறது. மருந்துக்கு வந்தவனின் நோய்தான் இவரிடம் இருந்தது. அதைத் தேடிக்கொண்டு யார் வருவார்கள்?

ஒக்கலிபுரம் பக்கத்துக் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மழைக்காலத்துத் தண்ணீரால் வந்த காமாலைதான், பயப்பட வேண்டாம், ஆனால் அனல் பக்கம் நிற்கவே கூடாது, எண்ணெய் கூடாது, படுத்துக் கிடக்க வேண்டும், மறுபடி வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுவதாக இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொன்னார். கீழாநெல்லி என்றார் உத்தமன். டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு உத்தமன் வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டு வாசலில் பக்கெட் பக்கெட்டாக மருந்து நின்றது. ஜூலைத் தூறலில் குளித்துத் தளதளவென்று நின்றது. அதைப் பிடுங்கிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

தன் கையால் தனக்கே கொடுத்துக்கொள்ளக் கூடாது. அதுவும் சட்டம். இன்னொன்றும் இருந்தது: இந்த வீட்டு மருந்தை ஒருமுறை வாங்கிக் குடித்தவர் இந்த வீட்டுக்கு மருந்து கொடுக்க முடியாது. கொடுத்தால், என்றைக்கோ இங்கே விட்டுப்போன நோயைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிற மாதிரி ஆகிவிடும் என்பாள் சொர்ணம். உயிரோடு இருந்தபோது அவளோடு இதைப் பற்றி வாதாடியிருக்கலாம். செத்தவளோடு எப்படி வாதாடுவது?

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். தியோடர் வாங்கியிருக்கிறார். அவர் சம்சாரமும் மச்சானும் வாங்கியிருக்கிறார்கள். பால் பூத்துக்காரர், முட்டைக் கடைக்காரர், மாநகராட்சித் துப்புரவு வேலைக்குப் போகிற எதிர்வீட்டு அண்ணன் தம்பிகள், எல்லோரும் ஏதோ ஒரு மழைக்காலத்தில் இந்தப் படியேறியவர்கள்தான். தெருவுக்கே நல்லது செய்து வைத்ததில் தெருவில் ஓர் ஆள் மிச்சமில்லாமல் போய்விட்டது.

ஆனேக்கல்லில் கட்டிக்கொடுத்த மகள் தர்ஷினி போனில் அழுதாள். பஸ் ஏறி வந்துவிடுகிறேன், நான் அரைத்துத் தருகிறேன் என்றாள்.

"நீ நாலாவது படிக்கறப்போ உங்கம்மா கையால குடிச்சியே" என்றார் உத்தமன்.

"அதுக்கின்னா இப்ப?"

சொன்னார். பிறகு, "அம்மா போனாலும் அவங்க ரூல்ஸ் போவலியேப்பா" என்றாள். அவளுக்கு இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. காமாலைக்காரன் வீட்டுக்கு வரவே கூடாது என்று அப்பா திட்டமாகச் சொல்லிவிட்டார். வைத்துவிடுகிறேன் என்று சொல்லாமலே இருவரும் வைத்தார்கள்.

மிச்சமிருந்தது பின்பக்கத்து ரூமில் புதிதாகக் குடிவந்திருந்த ரித்விக். கோயமுத்தூர்ப் பையன், கம்ப்யூட்டர் வேலை. காமாலையே வந்ததில்லையாம். விஷயத்தைக் கேட்டதும் கண்டிப்பாகச் செய்கிறேன் அங்கிள் என்று உத்தமனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். எத்தனை மணிக்கு என்று கேட்டான். விடிவதற்குள் என்றதும் கையை மெல்ல விட்டான். அவன் படுக்கப் போவதே அந்த நேரத்துக்குத்தானாம். படுப்பதற்கு முன்னால் கொடுத்துவிட்டுப் படுத்தால் ஆகாதா என்று யோசனை சொன்னான். நல்ல யோசனைதான். ஆனால் அவன் ராத்திரி முழுக்கச் சிப்ஸ் தின்கிற சத்தம் சுவர் வழியாக உத்தமனுக்குத் தினமும் கேட்கும். பச்சைத்தண்ணீர்கூடப் படாத வாய் என்று அதைச் சொல்ல முடியாது.

அப்போதுதான் கீழேயிருந்து அந்தக் குரல் வந்தது.

"நீரு!"

கன்னடத்தில் தண்ணீருக்கு அதுதான் வார்த்தை. கீழ்வீட்டுக் காந்தம்மா பத்துப் பன்னிரண்டு வருஷமாக அதற்காகத்தான் கத்திவருகிறார். மாடிப் பக்கெட்டுகளுக்கு ஊற்றுகிற தண்ணீர் மண்ணில் இறங்கி, தரையில் ஓடி, சுவரடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய் வழியாகக் காந்தம்மாவின் துணிக்கொடி மேல் சொட்டும். மண் கலந்த தண்ணீர். முதலில் அதைப் பற்றி நீண்ட உரைகள் இருந்தன. சொர்ணம் மேலேயிருந்து தமிழில் பதில் கொடுப்பாள், காந்தம்மா கீழேயிருந்து கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். தெரு முழுக்க வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும். சொர்ணம் செத்த பிறகு உரை சுருங்கிச் சுருங்கி அந்த ஒரே வார்த்தையில் வந்து நின்றது. உத்தமன் அதற்கும் பதில் சொல்வதில்லை.

காந்தம்மா ஒருநாளும் இந்தப் படியேறி மருந்து வாங்கியதில்லை. ஒருநாளும் உத்தமனிடம் துணி கொடுத்து இஸ்திரி போட்டதுமில்லை. லேடீஸ் பிஜி விடுதி ஒன்றில் சப்பாத்தி போடுகிற வேலை. விடிவதற்குள் எழுந்து குளித்துவிடுகிற ஆள். உத்தமன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கீழே இறங்கி வாசலில் நின்றதும் காந்தம்மா கையிலிருந்த துணியை உதறி நிமிர்ந்தார். சண்டைக்கு வந்திருப்பதாகவே நினைத்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஏன்ரீ, இன்னைக்கி நேரா எறங்கி வந்துட்டீங்க?"

உத்தமன் இமையை விரலால் இழுத்துக் கண்ணைக் காட்டினார்.

"அய்யோ" என்றார் காந்தம்மா. இடுப்பில் செருகியது தானாக அவிழ்ந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா இல்லியா?"

போனதைச் சொன்னார். சீட்டைக் காட்டச் சொல்லி வாங்கி, படிக்கத் தெரியாத இங்கிலீஷை முழுதாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு உத்தமன் விஷயத்துக்கு வந்தார். சட்டங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். தெருவில் யாரும் மிச்சமில்லாததைச் சொன்னார். காந்தம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் குறுக்கே பேசாமல் கேட்டதை அந்தத் தெரு அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"என் கையால குடுத்து, உங்களுக்கு ஏதாச்சும் ஆய்ட்டா?"

"ஆனா ஆவுது. உன்ன யாரும் கேக்க மாட்டாங்க காந்தம்மா."

"தெருவே கேக்கும். தண்ணிக்காகக் கொன்னுட்டான்னு சொல்லும்." கொஞ்சம் யோசித்தார். "எழுந்த உடனே காபி குடிக்கலாமா?"

"குடுக்கற வரைக்கும் கூடாது."

இதுதான் பெரிய தடையாக இருந்தது. காபி இல்லாவிட்டால் கண் திறக்காது, மண்டை இடிக்கும், பிஜியில் சப்பாத்தி வட்டமாக வராது என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில் நிமிர்ந்து அந்தக் குழாயைக் காட்டினார்.

"அத நிறுத்துங்க. நான் காபிய நிறுத்தறேன்."

உத்தமன் அன்றைக்கே, நிற்க முடியாத காலோடு, பழைய ரப்பர் குழாய் ஒன்றைத் தேடி எடுத்து அந்தக் குழாய் வாயில் செருகிக் கம்பியால் கட்டி, மறுமுனையைத் தெருச் சாக்கடையில் கொண்டுபோய் விட்டார். வருஷக்கணக்கில் நடந்த சண்டை ஒரு முழக் கம்பியில் முடிந்துபோனது. சொர்ணம் இருந்திருந்தால் கேவலமாகப் பார்த்திருப்பாள்.

மருந்து கொடுக்கிறவர் வாசலுக்கு வாங்குகிறவர் போக வேண்டும் என்பதால், மறுநாள் இருட்டில் உத்தமன் ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். சொந்தச் செடியை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்கு மருந்து வாங்கப் போன முதல் வைத்தியர் அவராகத்தான் இருக்கும். காந்தம்மா குளித்து, ஈரத்தலையில் துண்டோடு, காபி குடிக்காத முகத்தோடு காத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்தாலே நோய் ஓடிவிடும் போலிருந்தது.

"சிவப்புத் தண்டா கீறத வுட்டுடு, அது வேற. பச்சைத் தண்டா பாத்துப் புடுங்கு. நகம் படாம."

காந்தம்மா விரல்களைப் பக்கவாட்டில் மடக்கிக்கொண்டு, சப்பாத்தி மாவை அளவெடுக்கிற கணக்கில் கொத்தாகப் பிடித்து இழுத்தார். ஒரே இழுப்பில் வேரோடு வந்தது. இஞ்சி நசுக்குகிற குட்டி உரலில் போட்டு இடித்தார். பச்சை வாசனை எழுந்தது. சொர்ணத்தின் சேலையில் எப்போதும் இருந்த வாசனை. உத்தமன் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மோரை வாங்கிக் குடித்தார். டம்ளரைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மாடிப்படியேறினார். இத்தனை வருஷமாக மற்றவர்கள் முதுகைப் பார்த்தவர். முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவனுக்கும் அது ஒன்றும் சுகமாக இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு தினமும் அதுவே. அவர் பேசக் கூடாதது குடித்த பிறகுதான். இடிக்கிற நேரத்தில் பேசலாம். காந்தம்மா இடிக்கிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போனார். பிஜி பெண்கள் டயட் என்று சொல்லிச் சப்பாத்தியைக் குப்பையில் போடுவது, மைசூரில் இருக்கும் மகன் கிரண் போனில் பேசும்போதெல்லாம் டிராஃபிக்கில் இருப்பதாகவே சொல்வது, கொடியில் துணி காயாமல் நாறுவது எல்லாம் உரலுக்குள் விழுந்தன. உப்பில்லாக் கஞ்சி குடிக்கிறவருக்கு இரண்டு வாய்ப் பேச்சு கூடுதலாகக் கிடைத்தது. பகல் முழுக்க உத்தமன் படுத்துக் கிடந்தார். நீலத் தார்ப்பாய் போர்த்திய இஸ்திரி வண்டி தெருமுனையில் மழையில் நின்றது. அடுத்த விடியற்காலை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளிக்கு அப்படி ஓர் ஆவல் இருக்கக்கூடாது.

ஒருநாள் காந்தம்மா உலக்கையை நிறுத்தினார்.

"எங்க வூட்டுக்காரருக்கு இதே மஞ்சள் வந்துது. உங்களுக்கு நெனப்பிருக்கா?"

உத்தமன் தலையாட்டினார். அந்த மனுஷன் குடித்துக் குடித்து ஈரலைக் கரைத்துக்கொண்டவர். போய் எட்டொன்பது வருஷம் இருக்கும்.

"சொர்ணம் கையில டம்ளரோட எறங்கி வந்தா. கேட்டு வர்றவங்களுக்குத்தான் குடுப்பா இல்ல? எங்கிட்ட அவளே வந்தா. முந்தின நாள்தான் தண்ணிக்காக அவளத் தாறுமாறா திட்டியிருந்தேன். வேணாம், எடுத்துட்டுப் போன்னேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றார் உத்தமன்.

"அந்த டம்ளர் குடிச்சிருந்தாலும் அவரு போயிருப்பாரு. டாக்டரே சொல்லிட்டாரு. ஆனா நான் வேணாம்னேன் இல்ல?" உலக்கையை எடுத்து இரண்டு இடி இடித்தார். "அவரு போன அப்பறம் மேலேந்து ஒரு சொட்டு தண்ணி வுழுல. மாசக்கணக்கா வுழுல. செடிய உள்ள எடுத்து வெச்சி ஊத்தறாளோ என்னமோ, கொத்தில்ல, தெரியல. தெருவுல எல்லாரும் என்னப் பாத்து மெதுவா பேசுனாங்க, மெதுவா நடந்தாங்க. ஒருத்தரும் எங்கூட சண்ட போடல. எனக்கே நான் செத்துட்டனோன்னு இருந்துது."

"அப்பறம்?"

"அப்பறம் ஒருநாள் தலைல சொட்டுனு வுழுந்துது. நிமிந்து பாத்தா சொர்ணம் சொம்போட நிக்கறா. நான் கத்துனேன் பாருங்க. அவளும் கத்துனா. கத்தி முடிச்சிட்டு உள்ள வந்தா, பசி. அன்னைக்குத்தான் அடுப்பு பத்த வெச்சேன்."

மோரை நீட்டினார். உத்தமனுக்குச் சொல்ல ஏதோ இருந்தது. அதற்குள் குடித்துவிட்டிருந்தார்.

கண்ணில் வெள்ளை திரும்பியது. கிளினிக்கில் மறுபடி ரத்தம் கொடுத்தார். இறங்கிவிட்டது, ஓய்வு எடுத்ததால்தான் என்றார் டாக்டரம்மா. காந்தம்மாவின் கை ராசி என்றார் தியோடர். மகள் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதாகச் சொன்னாள். உத்தமன் யாரையும் மறுக்கவில்லை.

கடைசி நாள் மருந்தைக் குடித்துவிட்டுப் படியில் கால் வைத்தார். இதோடு முடிந்தது என்பது இருவருக்கும் தெரியும். வாய்வரைக்கும் அந்த வார்த்தை வந்தது. தினமும் எத்தனையோ பேர் எத்தனையோ வாசலில் யோசிக்காமல் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை. சொன்னால் என்ன ஆகும்? நோய் திரும்ப வரும். வந்தால் மறுபடி இந்த வாசலுக்கு வர வேண்டியிருக்கும். அது அப்படியொன்றும் மோசமான ஏற்பாடாக அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியதும் பயந்துபோய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார். பின்னால் காந்தம்மா காபிக்கு அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது.

பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தார்ப்பாயை எடுத்து வண்டியைத் திறந்தார். கரி மூட்டினார், துணி வந்தது, துணி போனது. காந்தம்மா இருட்டில் வேலைக்குப் போனார், மதியம் திரும்பினார். அப்போது உத்தமன் வண்டியில் நிற்பார். விடியற்காலையில் பக்கெட்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றினால் அது ரப்பர் குழாய் வழியாக மரியாதையாகச் சாக்கடைக்குப் போனது. கீழே யாரும் 'நீரு' என்று சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஊற்றி முடித்த பிறகும் சொம்போடு கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார். ரித்விக் குறட்டை விடுவது மட்டும் கேட்கும்.

மருந்து வாங்கியவன் மருந்துக்காரி வாசலுக்குச் சும்மா போய் நிற்கக்கூடாது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஒரு நமஸ்காரம் சொல்லப் போனால்கூட அது நன்றி மாதிரி ஆகிவிடும்.

ஆடி முடிகிற சமயம், மழை விட்டு வெயிலடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. உத்தமன் சொம்போடு வெளியே வந்தார். மாடிப்படிச் சுவரில் செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே ஓர் ஆணி உண்டு. அதில் ரப்பர் குழாய் அழகாக வளையம் வளையமாகச் சுருட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. பக்கத்திலேயே அவர் கட்டிய கம்பியும், நேராக்கி மடித்து.

திருடன் இல்லை. எந்தத் திருடன் குழாயைக் கழற்றிச் சுருட்டி உடையவன் வீட்டு ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போவான்? உத்தமன் கைப்பிடிச் சுவரின் மேல் குனிந்து பார்த்தார். தெரு முழுக்க வெயிலில் காய்ந்து கிடந்தது. காந்தம்மாவின் கொடியில் ஒரே ஒரு பெட்ஷீட். நீளக் கொடியின் மற்ற இடமெல்லாம் காலியாக இருக்க, அது மட்டும் குழாய் வாய்க்கு நேர் கீழே, மடிப்பு விரித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

உத்தமன் முதல் பக்கெட்டுக்குத் தண்ணீர் ஊற்றினார். காத்திருந்தார். செடிக்குப் போதும் என்று தோன்றியும் இன்னொரு சொம்பு ஊற்றினார். மண் தண்ணீர் தரையில் யோசித்து யோசித்து ஓடிக் குழாய் வாய்க்குப் போனது.

"ஏன்ரீ உத்தமண்ணா!"

பழைய குரல். நீண்ட உரைக்கு முன்னால் வருகிற குரல். தெருவில் இரண்டு ஜன்னல் திறந்தது. தியோடர் ஆட்டோவைத் துடைப்பதை நிறுத்தினார்.

"கண்ணுல மஞ்சள் போச்சுன்னாங்க. பார்வையும் கூடவே போயிட்டுதா? கீழ துணி காயறது தெரியல? யாரு வூட்டுத் துணி இது, உங்க வூட்டுத் துணியா?"

உத்தமன் படியிறங்கினார். நோய்க்காகப் போகவில்லை, நன்றிக்காகப் போகவில்லை. திட்டு வாங்கப் போகிறார். அதைத் தடுக்கிற சட்டம் எதையும் சொர்ணம் வைத்துவிட்டுப் போகவில்லை.

அவர் வந்து நின்றதும் காந்தம்மா பெட்ஷீட்டைக் கொடியிலிருந்து உருவி, இரண்டாக மடித்து, அவர் மார்பில் வைத்து அழுத்தினார்.

"இஸ்திரி போட்டு வெய்யுங்க."

உத்தமன் துணியைத் தடவிப் பார்த்தார். நடுவில் மண் கறையாக ஈரம். "இத தொவைக்கணும் காந்தம்மா. ஈரமா கீது."

"யாரு ஈரமாக்குனது?"

"நான்தான்."

"அப்ப நீங்களே தொவைங்க, நீங்களே காய வைங்க. ஞாயித்துக்கெழம லேட்டு டூட்டிதான், ஆனாலும் எனக்கு பிஜிக்கு டைம் ஆய்த்து." செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியவர், தெருவில் நாலடி போய்த் திரும்பிப் பார்த்தார். "சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன். வண்டியிலதான இருப்பீங்க?"

உத்தமன் தலையாட்டினார். தெரு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

வெயில் சரியாக இருந்ததால் பெட்ஷீட் மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. கரி மூட்டி முதல் வேலையாக அதைத்தான் தேய்த்தார். மடித்து ஓரமாக வைத்தார். வெயில் தாழத் தாழ அதை எடுத்துப் பிரித்து, இன்னொரு தரம் தேய்த்து, மறுபடி மடித்து வைத்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்தபடி நின்றார்.